பழிவாங்கும் நாடகத்தில் கத்திக்குப் பொறுப்பாக இருந்தேன்

மேடையில் ஒருவன் இன்னொருவனைக் குத்தும்போது சபையில் உள்ளவர்கள் எல்லோரும் குத்துப்பட்டவனைப் பார்ப்பார்கள். பிராப்ஸ்காரன் மட்டும் கத்தியைப் பார்ப்பான். நடிகர் கையில் எடுக்கும் எந்தச் சாமானும், கிண்ணம், மெழுகுதிரி, மண்டையோடு, கத்தி எதுவானாலும், எங்கள் பொறுப்பு. அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லாவிட்டால் கொலை நடக்காது. இருக்கக் கூடாத மாதிரி இருந்தால் உண்மையிலேயே நடந்துவிடும். வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போனபிறகு, பூட்டினோமா என்று திரும்பி வருகிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். நீங்கள் எனக்குச் சொந்தக்காரர்.

எண்பதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்து லூயிஷாமில் குடியிருந்தேன். பக்கத்தில் ஒரு சின்ன நாடக அரங்கில் முதலில் கதிரை அடுக்கினேன். பிறகு பிராப்ஸுக்கு மாற்றினார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே ஒரு பழிவாங்கும் நாடகம் போட்டார்கள். முதலாம் எலிசபெத் இராணி காலத்துச் சரக்கு. நான் சொல்லப்போவது அந்த ஒரு நாடகம் ஓடிய காலத்தைப் பற்றியும், எனக்கு உதவியாக நின்ற யோகனைப் பற்றியும். யோகன் எங்கள் பக்கத்து ஊர்க்காரன். முப்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டான்.

கோடு இருக்கிற ஊர்

ஒத்திகையின் முதல் நாள், இயக்குநர் மார்கரெட் எல்லோரையும் வட்டமாக இருத்தி நாடகத்தை விளக்கினார். அறுபது வயதுப் பெண்மணி, மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதையே தேடிக்கொண்டிருப்பவர். "அந்தக் காலத்து லண்டன் சனத்துக்கு இந்த மாதிரிக் கதை என்றால் உயிர்," என்றார். "ஒருவனுடைய சொந்தத்தைக் கொன்றுவிடுவார்கள். செத்தவன் பேயாக வந்து யார் கொன்றது என்று சொல்லுவான். பேயை நம்புவதா விடுவதா என்று இவன் தவிப்பான். பைத்தியம் போல நடிப்பான். நாளைக் கடத்துவான். கொலைகாரனை உட்காரவைத்து ஒரு நாடகம் காட்டி, அவன் முகம் மாறுகிறதா என்று பார்ப்பான். கடைசியில் ஒரு விருந்து வரும். அந்த விருந்தில் சாப்பிடுவதைத் தவிர மற்றதெல்லாம் நடக்கும்."

நடிகர்கள் சிரித்தார்கள். யோகன் பின்னால் நின்றபடி, இவன் ஏன் கோட்டுக்குப் போய் வழக்குப் போடவில்லை என்று கேட்டான். மார்கரெட் திரும்பிப் பார்த்தார். "அதுதான் முக்கியமான கேள்வி. அந்த ஊரில் கோடு இருக்கிறது. ஆனால் கொலை செய்தவன் ஊரை ஆளுகிற கோமகன். கோடும் அவனுடையது." யோகன் என் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னான்: "இதுக்கேன் அண்ணை நானூறு வருசம் பின்னுக்குப் போகவேணும்?"

கோல்டன் சிரப்

எங்கள் மேடை இரத்தம் கோல்டன் சிரப் என்ற சீனிப்பாகில் செய்வது. அதில் சிவப்புச் சாயம், நீலம் ஒரு துளி, கொஞ்சம் கொக்கோத் தூள். தண்ணியாகப் போனால் சிந்திய சர்பத் மாதிரி ஓடும். தடித்துப் போனால் ஜாம் பூசிய பாண் மாதிரி நிற்கும். நடிகரின் வாயிலிருந்தும் வர வேண்டும் என்பதால் விழுங்கினாலும் ஒன்றும் செய்யக் கூடாது. ஒவ்வொரு நாளும் நானே முதலில் நக்கிப் பார்ப்பேன். யாருக்காவது வயிற்றைக் கலக்கினால் முதலில் என்னைத்தானே பிடிப்பார்கள் என்ற பயம்.

ஒரு வெள்ளிக்கிழமை, இரத்தம் கலக்கிய அதே சட்டையோடு அவசரமாக வீட்டுக்கு வந்து, சமையலறைத் தொட்டியில் கைமடிப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் முழுக்கச் சிவப்பு. என் மனுசி சிவன் கோயிலுக்குப் போய்விட்டு வீபூதியோடு உள்ளே வந்தாள். தொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பையை மேசையில் வைத்தாள். "ஊரிலை இருந்து அம்மா கேட்டு எழுதியிருக்கிறா, மருமோன் லண்டனிலை என்ன வேலை செய்யிறார் எண்டு. நான் என்னத்தை எழுத?"

தலைக்கு ஒரு நம்பர்

மூன்றாம் அங்கத்தில் கோமகனின் தம்பியுடைய தலையை ஒரு தட்டில் கொண்டு வருவார்கள். அந்தத் தலையைச் செய்தவர் குரோய்டனில் இருந்த ஒரு பெண். அவர் எடுக்க வரச் சொன்ன நாளில்தான் எனக்கும் குரோய்டனில், வருசக்கணக்காகக் காத்திருந்த அகதி விண்ணப்ப நேர்முகம். பின்னேரம் எடுக்கலாம் என்றிருந்தேன். அவர் அன்று வெளியூர் போகிறார், காலையிலேயே வா என்றார். போகாவிட்டால் நாடகத்துக்குத் தலை இல்லை. போனால் தலையோடு நேர்முகத்துக்குப் போக வேண்டும். போனேன்.

லண்டனில் அங்கங்கே குண்டு வைக்கிறார்கள் என்று பயந்திருந்த காலம். எந்த வாசலிலும் பையைத் திறக்கச் சொல்வார்கள். அந்தப் பெரிய கட்டட வாசலிலும் காவலாளி என் பையைத் திறக்கச் சொன்னார். தலையைச் சுற்றியிருந்த துவாயை விலக்கினார். கழுத்து வெட்டிலிருந்து நரம்பெல்லாம் தொங்கியது; அந்தப் பெண் கெட்டிக்காரி. திருப்பி அனுப்பினால் ஊரில் என்னைக் கொன்றுவிடுவார்கள் என்று சொல்ல வந்தவன் நான். கையில் தலையோடு நிற்கிறேன். "நாடகம்," என்றேன். "கோமகனின் தம்பி." அவர் தலையின் மூக்கைச் சுண்டிப் பார்த்தார். பிள்ளைக்குப் போர்த்துவது போலத் துவாயைத் திரும்பவும் சுற்றிவிட்டு, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் கேட்டார்: "இவருக்கும் ஒரு வரிசை நம்பர் எடுக்கட்டுமா, அல்லது உங்கள் நம்பரிலேயே வருகிறாரா?"

சாக்கு

நாடகத்தில் ஒரு ஊமைக்காட்சி உண்டு. பேச்சில்லாமல், மேளச் சத்தத்துக்கு மட்டும் ஆட்கள் வந்து நடந்ததைக் காட்டிவிட்டுப் போவார்கள். அந்தக் காலத்து நாடகங்களில் அது வழக்கம். அதில் வருகிற கொலையாளிக்கு முகமூடி தேவைப்பட்டது. துணி வேண்டாம், சணல் சாக்கில் செய்யுங்கள், அசிங்கமாக இருக்கட்டும் என்றார் மார்கரெட். நான் யோகனிடம் சாக்கையும் கத்தரிக்கோலையும் கொடுத்து, கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டச் சொல்லிவிட்டு வேறு வேலையாகப் போனேன்.

திரும்பி வந்தபோது சாக்கு அவன் மடியில் கிடந்தது, ஓட்டை வெட்டியிருக்கவில்லை. என்னடா என்றேன். அவன் சாக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ஊரை ஆமி, இராணுவம்தான், சுற்றி வளைத்த ஒரு காலையில் ஆண்கள் எல்லோரையும் பள்ளிக்கூட வளவில் வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். ஜீப்பில் ஒருவன் தலையில் சாக்கோடு இருந்திருக்கிறான். அப்படி வந்து ஆளைக் காட்டிக்கொடுக்கிறவர்களை ஊரில் தலையாட்டி என்போம். ஒவ்வொருவராக ஜீப்புக்கு முன்னால் நடக்க வேண்டும். சாக்கு ஆடினால் நடந்தவனை ஏற்றிக்கொண்டு போவார்கள். யோகனுடைய அண்ணன் நடந்தபோது சாக்கு ஆடியது. அண்ணன் திரும்பி வரவில்லை. கொஞ்ச நாளில் உடலைத்தான் கண்டெடுத்தார்கள்.

சாக்கை வாங்கி நானே வெட்டினேன். யோகன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "எனக்குப் பின்னாலை வந்தவனுக்கும் ஆடினது அண்ணை. நடுவிலை போன எனக்கு ஆடேல்லை. அது ஏன் எண்டு சாக்குக்குள்ளை இருந்தவனைக் கண்டு கேக்கவேணும்."

பேயின் வாக்கு

அதற்கு அடுத்த கிழமை, அரங்கின் அலுவலகத்துக்கு யோகனைத் தேடி டொரோண்டோவிலிருந்து டெலிபோன் வந்தது. அவனுடைய அக்கா. பேசிவிட்டு வந்தவனின் முகம் வெளிறியிருந்தது. அந்தச் சாக்குக்குள் இருந்தவன் யாரென்று அக்காவுக்கு அங்கே யாரோ சொல்லிவிட்டார்களாம். பெயர் குணம். லண்டனில்தான் இருக்கிறானாம், ரெய்னர்ஸ் லேனில் ஒரு தமிழ்க் கடையில் வேலைக்கு நிற்கிறானாம். "நீ ஆம்பிளைதானே எண்டு கேட்டவ அண்ணை," என்றான் யோகன். அன்றிலிருந்து பயத்தில் கத்திகளை இரண்டு தரம் எண்ணத் தொடங்கினேன். நாடகத்தில் கத்திகளை எடுத்து வைப்பது என் வேலை. மேடையோரத்தில் நின்று நடிகர்களிடம் கொடுப்பது யோகனுடைய வேலை.

பேயாக நடித்த ஆர்தர் வயதானவர். முகத்தில் மாவைப் பூசிக்கொண்டு எங்களோடு தேநீர் குடிக்க வருவார். யோகன் அவரிடம், நீங்கள் சொல்லும் பெயர் பிழையாக இருந்தால் என்ன நடக்கும் என்று கேட்டான். விளையாட்டாகக் கேட்கவில்லை. ஆர்தரும் விளையாட்டாகப் பதில் சொல்லவில்லை. முகத்து மாவு தேநீருக்குள் உதிர உதிர யோசித்துவிட்டுச் சொன்னார்: "நான் முதல் அங்கத்தில் வந்து ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறேன், மற்றவர்கள் கடைசிவரை அதற்காகச் சாகிறார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்பதில்லை."

பிணம் தூக்க ஆள் இல்லை

கடைசி அங்கத்தின் ஒத்திகை பெரிய தலையிடி. கோமகன், கோமகள், மந்திரி, காவலன் எல்லோரும் விருந்து மேசையைச் சுற்றிச் செத்துக் கிடப்பார்கள். அந்தக் காலத்து மேடைக்கு முன்திரை கிடையாது. விளக்கை அணைக்கவும் வழியில்லை, எல்லாம் பகல் வெளிச்சத்தில். ஆகவே செத்தவர்களைத் தூக்கிக்கொண்டு போங்கள் என்று யாராவது வசனத்திலேயே சொல்ல வேண்டும். எங்கள் நாடகத்திலும் அப்படி ஒரு வரி இருந்தது. ஆனால் தூக்குவதற்கு இரண்டு நடிகர்தான் உயிரோடு மிச்சம். கடைசியில் யோகனுக்கும் எனக்கும் வேலைக்காரர் உடுப்பைப் போட்டுவிட்டார்கள். கோமகன் நல்ல பாரம்.

பழிவாங்குகிற கதாநாயகனாக நடித்தவர் கிளைவ். அவரையும் தூக்க வேண்டும், ஏனென்றால் அவனும் சாகிறான். யோகன் காலைப் பிடித்திருந்தான், நான் தோளைப் பிடித்திருந்தேன். கிளைவை இறக்கிவைத்துவிட்டு யோகன் மார்கரெட்டிடம் கேட்டான், இவன் நியாயத்துக்காகத்தானே செய்தான், இவன் ஏன் சாகவேண்டும் என்று. பாவம் செய்தவனைத் தேவாலயமும் அரசும் தப்பவிடாது, சபையும் ஒத்துக்கொள்ளாது என்று படித்தவர்கள் சொல்வார்கள் என்றார் அவர். பிறகு கண்ணாடியைத் தலையில் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு யோகனை நன்றாகப் பார்த்தார். "எனக்கு அது போதாது. அவனை உயிரோடு விட்டால் அடுத்த நாள் காலையில் எழும்பி என்ன செய்வான் என்று ஒருவராலும் எழுத முடியவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்."

ஏழாவது கத்தி

எங்களிடம் ஏழு கத்திகள். ஆறில், அழுத்தினால் அலகு பிடிக்குள் போய்விடும். ஏழாவது மட்டும் உண்மைக் கத்தி. விருந்தில் கோமகன் ஒரு அப்பிளை வெட்டிச் சாப்பிட வேண்டும், பொய்க் கத்தி அப்பிளை வெட்டாது. அதை எப்போதும் தனிப் பெட்டியில் பூட்டி வைப்பேன். ஆட்டங்கள் தொடங்கியபிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருந்தது பொய்க் கத்தி. உண்மைக் கத்தி எங்கும் இல்லை.

பெட்டிகளைக் கவிழ்த்தேன், மேடைக்குக் கீழே ஊர்ந்தேன், உடுப்பு அறையில் ஒவ்வொரு பையாகத் தட்டினேன். அன்று யோகன் வேலைக்கு வரவும் பிந்திவிட்டது. ரெய்னர்ஸ் லேனுக்கு ரயிலில் எவ்வளவு நேரம் என்று என் தலைக்குள் ஓடியது. யோகன் கதவைத் திறந்துகொண்டு வந்தான். கவிழ்ந்து கிடந்த பெட்டியையும் என் முகத்தையும் பார்த்தான். "நான் எடுக்கேல்லை அண்ணை," என்றான், நான் கேட்பதற்கு முன்பே.

அப்போது கிளைவ் கையில் ஒரு துணிப்பையோடு வந்து சேர்ந்தார். முந்தின நாள் இரவு ஆட்டம் முடிந்த அவசரத்தில் நான் இரண்டு கத்தியையும் மாற்றி வைத்துவிட்டேன் போலிருக்கிறது. வீட்டில் குத்திப் பழக அவர் ஒன்றை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். பையிலிருந்து உண்மைக் கத்தியை வெளியே எடுத்து, ஒட்டியிருந்த ஒரு இறகை ஊதிவிட்டுச் சொன்னார்: "அலகு ஏன் உள்ளே போகவில்லை என்று நானும் யோசித்தேன். நல்ல காலம், செத்தது தலையணை."

முன்வரிசை

நாடகம் ஓடத் தொடங்கி இரண்டாவது கிழமை, சனிக்கிழமை மத்தியான ஆட்டத்துக்கு முன்வரிசையில் ஒரு இருக்கையை எடுத்து வைக்கும்படி யோகன் கேட்டான். யாருக்கு என்றேன். குணத்துக்கு என்றான். தானே ரெய்னர்ஸ் லேன் கடைக்குப் போய், ஒரே ஊர்ப் பக்கம், நான் வேலை செய்கிற நாடகம், வந்து பாருங்கள் என்று கூப்பிட்டிருக்கிறான். மேடையோரத்திலிருந்து முன்வரிசை எட்டிப் பிடிக்கிற தூரம். "சாக்கு வரேக்கை அந்தாளின்ரை முகத்தைப் பாக்கவேணும். அவ்வளவுதான்," என்றான். அன்று கத்திகளை நானே கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். யோகன் மறுக்கவில்லை.

குணம் வந்தார். நாற்பது தாண்டிய, தலை கொஞ்சம் வழுக்கையான ஆள், அளவு பெரிதான கோட்டு. சும்மா வரக் கூடாது என்று தன் மனுசி சுட்ட ரோல்ஸ் பலகாரத்தை ஒரு பையில் கொண்டுவந்து யோகனின் கையில் கொடுத்தார். யோகனுக்கு அந்தப் பையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நாடகம் தொடங்கியது. ஊமைக்காட்சிக்கு மேளம் அடித்தது. சாக்கு போட்டவன் மேடைக்கு வந்தான். நான் கத்திகளை இறுகப் பிடித்துக்கொண்டேன். யோகன் பக்கத் திரைத் துணியை விலக்கி முன்வரிசையைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். குணத்தின் கண் மூடியிருந்தது, தலை நெஞ்சில் சாய்ந்திருந்தது. யோகன் துணியை விட்டுவிட்டு என்னிடம் திரும்பினான். "நித்திரை அண்ணை. இந்த ஆளை நினைச்சுத்தான் நான் இவ்வளவு காலம் நித்திரையில்லாமல் கிடந்தனான்."

தேநீர்

ஆட்டம் முடிந்து சனம் போனபிறகு வாசல் மண்டபத்தில் மூன்று பேரும் இருந்தோம். ஜன்னலால் நல்ல வெயில். நான் தேநீர் வாங்கி வந்தேன். அப்போதும் உண்மைக் கத்தி என் கோட்டுப் பைக்குள் இருக்கிறதா என்று தடவிக்கொண்டே இருந்தேன். நாடகம் எப்படி என்று யோகன் கேட்டான். இரவு பெற்றோல் ஸ்டேஷனிலும் ஷிப்ட் செய்கிறீர்களாமே, அதுதான் நித்திரையாக்கும் என்றான்.

"நான் நித்திரை கொள்ளேல்லைத் தம்பி," என்றார் குணம். "சாக்கைக் கண்டவுடனை கண்ணை மூடிட்டன்."

யோகன் கோப்பையைக் கீழே வைத்தான். தன் ஊரின் பெயரைச் சொன்னான், பள்ளிக்கூட வளவைச் சொன்னான், அண்ணனின் பெயரைச் சொன்னான். குணம் ஓடவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மேசையில் இருந்த ரோல்ஸ் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னை ஆமிக்காரர் பிடித்துப் பல நாள் அடித்து வைத்திருந்தார்கள் என்றார். அன்று காலை சாக்கைப் போட்டு ஜீப்பில் ஏற்றினார்கள் என்றார். பெயர் ஏதும் சொன்னீர்களா என்று யோகன் கேட்டான். நடுவில் போனவனுக்கு ஏன் ஆட்டவில்லை என்று கேட்டான். இரண்டையும் திரும்பத் திரும்பக் கேட்டான். குணம் தன் பிடரியைத் தடவிக்கொண்டு சொன்னார்: "ஓட்டை என்ரை கண்ணுக்கு நேரை இல்லைத் தம்பி. எனக்கு ஒருத்தரையும் தெரியேல்லை. பின்னாலை இருந்த ஆமிக்காரன்தான் பிடரியிலை கையை வைச்சு, தன்ரை பாட்டிலை ஆட்டினவன்."

டெலிபோன்

அதற்குப் பிறகு குணத்தை நாங்கள் காணவில்லை. அன்று அவர் எழும்பி, கோட்டைப் போட்டு, போயிட்டு வாறன் என்றார். யோகன் வாசல் வரை போய்க் கதவைத் திறந்துவிட்டான். கை கொடுக்கவில்லை. அடுத்த நாள் ஞாயிறு காலை எங்கள் வீட்டுக்கு வந்து, அக்காவோடு பேச டெலிபோன் வேண்டும் என்றான். நானும் மனுசியும் சமையலறையில் இருந்தோம். அக்காவின் குரல் எங்களுக்கே கேட்டது. கோபமாகத் தொடங்கி, கடைசியில் அழுகையாக முடிந்தது. யோகன் ஒரே வசனத்தைத்தான் சொன்னான்: "அவர் தலையாட்டேல்லை அக்கா."

அவன் வந்து மேசையில் இருந்தான். என் மனுசி புட்டும் சம்பலும் வைத்தாள். அவன் சாப்பிடத் தொடங்கியதும், எனக்கு இவ்வளவு நாளும் இருந்த பயம் வேறு ஒரு பயமாக மாறியது. குணம் சொன்னது பொய்யாக இருந்தால்? பிடரியில் கை வைத்தான் என்பதை நேரில் கண்டவர் யார்? கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன், நீ அதை நம்புகிறாயா என்று. யோகன் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, அமைதியாகச் சொன்னான்: "நம்பாட்டி நான் என்ன செய்யவேணும் எண்டு எனக்குத் தெரியும் அண்ணை. அதாலைதான் நம்புறன்."

ஒவ்வொரு நாளும் அத்தனை பேரைக் கொன்று தூக்கிக்கொண்டு போய் இறக்கிவைத்த நான், ஆட்டம் இல்லாத, ஒருவரும் சாகாத அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத்தான், பூட்டினோமா என்று பார்க்க இன்றைக்கும் திரும்பிப் போகிறேன்.